குவாண்டம் டாட் மங்குகிறது, சை5 ஒளிர மாட்டேன் என்கிறது

வணக்கம். ஃப்ரெட் (FRET, ஒளிரும் ஒரு பொருள் தன் ஆற்றலை மிக அருகிலுள்ள இன்னொன்றுக்குக் கடத்துவது) உணரிகளில் கைப்பழக்கம் உள்ளவர்கள் யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

605 நானோமீட்டரில் ஒளிரும், ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) பூசிய குவாண்டம் டாட் என்ற குறைக்கடத்தி நானோதுகள்தான் என் டோனர், அதாவது ஆற்றலைக் கொடுப்பது. ஒரு டிஎன்ஏ துணுக்கில் பயோட்டின், இன்னொன்றில் ஆற்றலை வாங்கும் சை5 சாயம். தேடும் டிஎன்ஏ வந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். டாட் மங்கி, 670 பக்கம் சை5 ஒளிர வேண்டும். 405இல் தூண்டுகிறேன், சை5 அங்கே நேரடியாக அதிகம் உறிஞ்சாது என்பதால்.

டாட் மங்குவது என்னவோ உண்மை. 670இல்தான் ஒன்றுமே எழும்பவில்லை. சரி, சந்தேகம் தீரட்டும் என்று சை5 இல்லாத துணுக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஏறக்குறைய பாதி மங்கல்! அப்படியானால் இத்தனை நாள் நான் ஃப்ரெட் என்று நினைத்தது பஃபர் கரைசல் செய்த வேலையா?

தூரத்தின் மீதும் சந்தேகம். ஆற்றல் கடத்தும் வீதம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். கடத்தும் திறன் பாதியாகும் ஃபோர்ஸ்டர் தூரமே 6, 7 நானோமீட்டர்தான் வரும். பாலிமர் உறையும் ஸ்ட்ரெப்டாவிடினும் சேர்ந்தே அதைத் தின்றுவிடுகின்றனவோ? ஒரு டாட்டில் பல சை5 ஒட்டினால் திறன் கூடும் என்று விகிதத்தை ஏற்றினேன், பலனில்லை.

பாலிமர் உறையை விட்டு, ஹிஸ்டிடின் வால் கொண்ட பெப்டைடை நேராகத் துத்தநாக சல்ஃபைடு ஓட்டில் ஒட்ட வைத்தவர்கள் இருக்கிறீர்களா? மெல்லிய லிகண்டுக்கு (டாட்டின் மேற்பரப்பில் ஒட்டும் மூலக்கூறு) மாறினால் டாட் திரிந்துபோகாமல் இருக்க எந்த பஃபர் நல்லது? அப்புறம், ஒளிர்வு ஆயுட்காலத்தை (தூண்டியபின் ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை) அளக்காமல் இதை உறுதிசெய்ய வழி உண்டா? எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கருவி இல்லை.