ராசாவின் மூட்டுவலித் தூளை நிறுத்தலாமா?

கிருலப்பனை அக்கா:
எங்கள் குதிரை ராசாவுக்கு 17 வயது. பின்கால் மூட்டுவலியால் காலையில் கொட்டிலை விட்டு வெளியே வரவே தயங்குவான். மூட்டுக்கென்று ஒரு மூலிகைத் தூளை இணையத்தில் வாங்கினேன். பேணியில் மஞ்சள், அமுக்கரா, குங்கிலியம் என்று மட்டும்தான் இருக்கிறது. தவிட்டில் கலந்து கொடுத்தோம். மூன்றாம் நாளே துள்ளி ஓடினான். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது ஆறாவது வாரம். நாளுக்கு இரண்டு வாளி குடித்தவன் நான்கு வாளிக்கு மேல் குடிக்கிறான், ஒவ்வொன்றும் 15 லீற்றர். விடியும்போது வைக்கோல் ஊறிக் கிடக்கிறது. முழங்காலில் பட்ட சிராய்ப்பு மூன்று வாரமாக ஆறவில்லை. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்துக் கொட்டில் குதிரை எப்போதும்போலத்தான் குடிக்கிறது. தூளை இன்றே நிறுத்திவிடலாமா?

தெஹிவளைத் தம்பி:
அக்கா, மஞ்சள் மூன்று நாளில் இப்படி வேலை செய்யாது. 2022இல் அமெரிக்காவில் மனிதருக்கு விற்ற 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டுவலி மாத்திரையில், லேபலில் சொல்லாத டெக்சாமெதசோன் ஸ்டெரொய்டும் டைக்குளோபினாக் என்ற வலிநிவாரணியும் இருப்பதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. குதிரைத் தூளிலும் அதைச் செய்ய முடியும்தானே?

பேராதனையில் படித்தவள்:
நான் மிருக வைத்தியர். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கும் ஸ்டெரொய்ட் சந்தேகம் வருகிறது. ஆனால் இந்த வயதுக் குதிரைக்குக் குஷிங் என்ற ஹோர்மோன் நோய் வந்தாலும் இதே தாகமும் ஆறாத புண்ணும் இருக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் ஸ்டெரொய்ட் வெளியிலிருந்து போயிருந்தால் உடலுக்கு வேண்டிய ஸ்டெரொய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். அதற்காகத் தொடர்ந்து கொடுக்கவும் கூடாது, குளம்புக்குள் அழற்சி வரலாம். அதனால் வைத்தியரை இன்றைக்கே கூப்பிடுங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். அதற்கு முன் குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா? கணுவுக்குப் பின்னால் இரு பக்கமும் விரல் வையுங்கள், நாடி பலமாக அடிக்கிறதா? தூளை வேறு போத்தலில் கொட்டாதீர்கள், பேணியோடு அப்படியே பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், போட்டிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: மாதிரியில் மருந்து அகப்பட்டால், "மூலிகை என்று நம்பினேன்" என்பது சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமான எஃப்.இ.ஐ.யின் விதிகளின் முன் எடுபடாது.

கிருலப்பனை அக்கா:
இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். முன்கால் குளம்பு இரண்டும் சூடு. நாடி விரலைத் தள்ளுகிறது. வைத்தியர் வந்துகொண்டிருக்கிறார். அவர் சொன்னபடி மணலைத் தடிப்பாகப் போட்டு நிறுத்தி, கால்களுக்கு ஐஸ் கட்டியிருக்கிறோம். ராசா பின்காலில் சாய்ந்தபடி தலையை என் தோளில் வைத்திருக்கிறான். பேணியைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்துவிட்டேன், அதில் இன்னும் பாதி இருக்கிறது.