மேவிபோசேத் பாடம் எடுத்த ஞாயிறு

எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பதினொரு பிள்ளைகள். போன மாதப் பாடம், நட்பு என்றால் வழக்கம்போல வரும் பைபிள் நண்பர்கள் தாவீதும் யோனத்தானும். நடிக்க வைத்தேன். யோனத்தான் கழற்றிக் கொடுத்த சால்வைக்கு என் துண்டு, அம்புக்குத் தென்னை ஈர்க்கு. அம்பு பொறுக்க ஓடும் பையன் வேடத்துக்குத்தான் அடிதடி. தாவீதாக ஒருத்தனும் வரவில்லை. கல்லுக்குப் பின்னால் ஒளிந்தே கிடக்க வேண்டுமே!

மனப்பாட வசனம் நீதிமொழிகள் 17:17, "சிநேகிதன் எல்லாக் காலத்திலும் சிநேகிப்பான்." கடகடவென்று ஒப்பித்தார்கள். சரி, முடிந்தது என்று பைபிளை மூடும்போது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சார், யோனத்தான் செத்த பிறகு தாவீது அவரை மறந்துட்டாரா?"

பாடத்தில் அது இல்லை. பைபிளில் 2 சாமுவேல் 4, 9 அதிகாரங்களைத் திறந்தேன். அப்பா இறந்த செய்தி வந்தபோது யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. தாதி தூக்கிக்கொண்டு ஓடியதில் விழுந்து இரண்டு காலும் முடம். பிற்பாடு ராஜாவான தாவீது, யோனத்தானை நினைத்துத் தானாகவே விசாரித்து, லோதேபார் என்ற ஊருக்கு ஆளனுப்பி அவனை வரவழைத்தான். பாட்டன் சவுலின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, தன் பந்தியிலேயே சாப்பிட வைத்தான். பழைய ராஜாவின் பேரன் என்ன நடுக்கத்தோடு வந்திருப்பான்!

அவள் விடவில்லை. "உங்க ஃபிரெண்டு செத்துப்போனா அவங்க பிள்ளைங்களை நீங்க பார்ப்பீங்களா சார்?"

பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். என் கல்லூரி நண்பன் இறந்து நாலு வருஷம். அடக்கத்தன்று அவன் மகனிடம், "எது வேணும்னாலும் மாமாகிட்ட கேளு" என்றதோடு சரி. சாயங்காலம் போன் போட்டேன். "யாரு பேசுறது?" என்றான். குரல் உடைந்து அப்படியே அவன் அப்பா. பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டானாம். எந்த குரூப் என்றுகூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

---

இதைப் படித்த ஒரு தாயின் பதில்:

பிரதர், எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். மகளுடைய தோழி டிசி வாங்கிக்கொண்டு ஓசூர் போய்விட்டாள். குடும்ப ஜெபத்தில் தினமும் அவள் பெயரைச் சொல்ல வைத்தேன். மூன்றாம் வாரம், "அவ முகமே ஞாபகம் வரலம்மா" என்று ஒரே அழுகை. ஜெபம் பண்ணச் சொன்னேனே தவிர, பேச வைக்கத் தோன்றவில்லை எனக்கு. அப்புறம் தபால் அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என்ன எழுதினாள் என்று பார்க்க விடவில்லை. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுத்தே இல்லை, பல் விழுந்த வாயோடு ஒரு சிரிக்கிற முகம், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.