மறு: காரின் உள் ‘போட்’டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

எல்லோருக்கும் வணக்கம். கார்க் கதவு, கூரையைத் தாங்கும் தூண், டிக்கி இவற்றின் உட்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக்கைக் கராஜ்களில் ‘போட்’ (board) என்பார்கள். அதற்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற இழைக்கு இது என் பதில்.

> ‘உட்புற அலங்காரப் பலகம்’ என்று வைத்துவிடலாமா? அகராதியில் சேர்க்க எளிது.

சேர்க்க எளிதுதான். ஆனால் அலங்காரம் அதன் வேலை இல்லையே. கார்க் கதவின் உட்பக்கப் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, பூட்டுக் கம்பி, வயர், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஒட்டிய பொலித்தீன் எல்லாம் தெரியும். இவற்றை மறைப்பதும், கைபட்டுக் கெடாமல் காப்பதும், மோதினால் தலை வெறுந்தகரத்தில் அடிபடாமல் தடுப்பதும்தான் அதன் வேலை. திருகோணமலைக் கராஜ்களில் ‘டோர் போட்’ என்பார்கள். அங்கே போய்ப் ‘பலகம்’ என்றால் மரப்பலகை என்றுகூட நினைக்க மாட்டார்கள். ஒன்றுமே நினைக்க மாட்டார்கள்.

நான் ‘உள்மறைப்பு’ என்கிறேன். கதவு உள்மறைப்பு, தூண் உள்மறைப்பு, டிக்கி உள்மறைப்பு என்று இடத்தின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொருவர் சொன்ன ‘உறை’ நல்ல சொல், ஆனால் அதே காரில் சீட் உறையும் இருக்கிறது. ‘தகடு’ வேண்டாம், அது உலோகத்தை நினைவூட்டும்.

இதோடு இழையை முடித்துக்கொள்ளும் எண்ணம் சிலருக்கு இருப்பது தெரிகிறது. எனக்கு இல்லை. உள்மறைப்புக்குத் தமிழ்ப்பெயர் இல்லாததால் எவருடைய வேலையும் நின்றுபோகவில்லை. பெயர் இல்லாமல் வேலை கெடுகிற இடங்கள் வேறு.

முதலாவது, உடைகிற இடம். உள்மறைப்பு நடுவில் பிளப்பது குறைவு. அதன் பின்பக்கத்தில், உள்மறைப்பைக் காரோடு பிடித்து நிறுத்தும் கிளிப்பின் தலை நுழைந்து நிற்பதற்காகச் சின்னப் பெட்டி மாதிரி வார்த்திருப்பார்களே, அதுதான் பிய்ந்துவிடும். கிளிப் மலிவு, தனியாகக் கிடைக்கும். அந்தப் பெட்டி கிடைக்காது, ஏனென்றால் அது உள்மறைப்போடு ஒன்றாக வார்க்கப்பட்டது. பெயர் இல்லாததால் கடையில் ‘கிளிப் உடைஞ்சு போச்சு’ என்று சொல்லிப் புதுக் கிளிப் வாங்கி வருகிறோம். மாட்ட இடமில்லை. பிளாஸ்டிக் வார்க்கும் ஆங்கிலேயர்கள் அதை ‘நாய்க்கூடு’ என்கிறார்கள். நாயை அவர்களிடமே விட்டுவிட்டு நாம் கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: கவ்விக்கூடு.

> கிளிப் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஒன்றும் குறையாது. ‘கிளிப்கூடு’ என்றாலும் எனக்குச் சம்மதம். கூடு என்ற சொல் உள்ளே வரவேண்டும், அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: இங்கே இலங்கையில் ஓடும் கார்களில் 1990களில் செய்த ஜப்பான் கார்கள் இன்னும் நிறைய. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். பழசைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய கார் எப்படிக் கொதிக்கும் என்று திருகோணமலை உப்புவெளியில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. சூடும் வெயிலின் புற ஊதாக் கதிரும் சேர்ந்து பிளாஸ்டிக்கை மொறுமொறுப்பாக்கிவிடும். அதற்கெனக் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய போட் ஒன்று தேடி வாங்கினால், அதுவும் அதே வயசு.

இரண்டாவது இடம், ஒட்டு. நம் சொற்பட்டியலில் ஒட்டு என்று ஒரே சொல்தான் இருக்கிறது. உண்மையில் மூன்று வேலைகள், அவற்றில் எது பிடிக்கும் என்பது பிளாஸ்டிக்கின் இனத்தைப் பொறுத்தது.

உள்மறைப்பின் முதுகில் இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே சில எழுத்துகள் இருக்கும். ஐஎஸ்ஓ 11469 என்ற தரத்தின்படி பொறிப்பது அது. பிளாஸ்டிக்கின் இனத்தை அது சொல்லும்: பெரும்பாலும் ஏபிஎஸ் (ABS), அல்லது பிபி (PP) எனப்படும் பொலிபுரொப்பிலீன். ஏபிஎஸ் அசற்றோன் என்ற கரைப்பானில் கரையும். அதே இனத் துண்டுகளை அசற்றோனில் ஊறவைத்துக் கூழாக்கி வெடிப்பில் தடவினால் இரு பக்கமும் இளகி ஒன்றாகும், அசற்றோன் பறந்ததும் இறுகும். பிபி அசற்றோனைக் கண்டுகொள்ளாது. அதன்மேல் சுப்பர் குளூவும் நிற்காது, அப்பச்சோடா தூவிக் கெட்டியாக்கினாலும் பிறகு சில்லாகக் கழன்று வரும். பிபியை உருக்கித்தான் சேர்க்கவேண்டும்: ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் அது உருகும். நிரப்புவதற்கும் பிபியே வேண்டும். கராஜ் மூலையில் கிடக்கும் உடைந்த பம்பர் பெரும்பாலும் அந்த இனம்தான், சீவி எடுக்கலாம். பிய்ந்த கூட்டுக்கு எவர்சில்வர் தேத்தண்ணி வடியின் வலையை வெட்டிச் சூட்டில் புதைத்தால் நல்ல பிடி. புகையை மட்டும் மூக்கில் வாங்காமல் வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

முத்திரை அழிந்திருந்தால் தண்ணீரில் போட்டுப் பார், பிபி மிதக்கும், ஏபிஎஸ் தாழும் என்பார்கள். வெறும் பிபிக்கு அது சரி, அதன் அடர்த்தி 0.9 அளவு (தண்ணீருக்கு 1). ஆனால் கார்ப் பிபியில் டால்க் தூள் கலப்பது வழக்கம். 20 சதவீதம் கலந்தால் அடர்த்தி 1.04ஐத் தொடும், கொட்டியாரக்குடாக் கடல்தண்ணீரில் போட்டாலும் தாழும். எனவே ஓரத்தில் ஒரு சொட்டு அசற்றோன் விட்டுப் பார்ப்பதே நம்பகமானது. பசையாக ஒட்டிக்கொண்டால் ஏபிஎஸ்.

இப்போது சொற்கள். பிபியை உருக்கிச் சேர்ப்பதற்குப் ‘பற்றாசு’ (சோல்டரிங்) என்று ஒருவர் முன்வைத்தார், சூட்டுக்கோல் ஒன்றுதானே என்று. பற்றாசில் இணைக்கும் உலோகங்கள் உருகுவதில்லை, நடுவில் விடும் ஈயம்தான் உருகும். இங்கே இணைகிறதே உருகுகிறது. ‘உருக்கொட்டு’ அழகாக இருக்கிறது, ஆனால் உருக்கு இரும்பை ஒட்டுவதாகப் படிப்பார்கள். ஆகவே ‘உருகொட்டு’, ஒற்று இல்லாமல். அசற்றோன் வேலைக்குக் ‘கரையொட்டு’ என்று வந்தது. திருகோணமலையில் அதைக் கேட்டால் கடற்கரை ஓரம் என்றுதான் எடுப்பார்கள். ‘கரைசலொட்டு’ என்று ஓர் எழுத்தைக் கூட்டினால் சிக்கல் தீர்ந்தது. சுப்பர் குளூ, எப்பொக்சி எல்லாம் ‘பசையொட்டு’. இந்த மூன்றையும் ‘ஒட்டு’ என்ற தலைப்பின்கீழ் அருகருகே போடும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன், அகரவரிசையில் சிதறவிட வேண்டாம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. திருகாணி இறங்குவதற்காகப் பின்பக்கத்தில் உருளையாக நிற்குமே, நெடுக்காகப் பிளந்துபோவது, அதற்கு என்ன சொல்வது? ‘திருகுத்தூண்’ என்றால் மேலே சொன்ன தூண் உள்மறைப்போடு மோதும். ‘முளை’ பொருந்தாது, முளை தான் உள்ளே போவது, இது திருகாணியை உள்ளே வாங்குவது. ‘திருகுக்குழல்’ வரை வந்து நிற்கிறேன். மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கத்துக் கராஜ்களில் இதற்கு ஏதாவது பேச்சுவழக்குப் பெயர் இருந்தால் எழுதுங்கள், என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.