டேப்லெட் பயிற்சியால் கணக்குத் திறன் கூடியதா என்பதை எப்படி அளப்பது?

தஞ்சாவூர் மாவட்டத்தில், நான் கற்பிக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில், ஆறாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு மட்டும் ஜூலையிலிருந்து வாரத்துக்கு மூன்று பாடவேளை டேப்லெட்டில் கணக்குப் பயிற்சி அளிக்கிறோம். அடுத்த ஆண்டும் தொடரலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழு கேட்கிறது. என்னிடம் நேர்மையான விடை இல்லை.

அரையாண்டு மதிப்பெண்ணில் 'அ' பிரிவே முன்னால் நிற்கிறது. ஆனால் அது ஆங்கிலவழிப் பிரிவு. வீட்டில் டியூஷன் உள்ள பிள்ளைகள் அதில் அதிகம் என்பதோடு, அதற்குக் கற்பிப்பவன் நான், 'ஆ' பிரிவுக்கு வேறோர் ஆசிரியர். செயலி காட்டும் தேர்ச்சி விழுக்காடு ஏறிக்கொண்டே போகிறது. பழகிய கேள்வியையே திரும்பக் கேட்டால் ஏறாமல் என்ன செய்யும்? டிசம்பரில் பின்னங்கள் குறித்து 20 கேள்விகளில் நானே ஒரு தேர்வு வைத்தேன். ஜூனில் அதையே வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிப் பயிற்சி பற்றி 2019இல் வெளியான ஆய்வில், குலுக்கலில் அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைத்த மாணவர்கள், கிடைக்காதவர்களைவிட நான்கரை மாதங்களில் கணக்கில் 0.37 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) கூடுதலாக முன்னேறினர். பெரு நாட்டிலோ, மடிக்கணினி வழங்கிய பள்ளிகளில் கணக்கு மதிப்பெண் உயரவில்லை. ஆகவே பிறர் முடிவை எங்கள் பள்ளிக்கு அப்படியே பொருத்த எனக்குத் துணிவில்லை.

மீதமுள்ள மூன்று மாதங்களில், இரு பிரிவுகளிலிருந்தும் பாதிப் பாதிப் பிள்ளைகளைக் குலுக்கலில் தேர்ந்து பயிற்சி அளித்து, முன்தேர்வும் பின்தேர்வும் வைத்தால், மொத்தம் 64 பேரே உள்ள நிலையில் கிடைக்கும் வேறுபாட்டை நம்பலாமா?