செம்பூர் – மாட்டுங்கா குடும்பம் (ஞாயிறு இரவு)

நித்யா: கவிதா அக்கா, முடி எடுக்கிற ஐபிஎல் மெஷின் முன்கையில் ஃபிளாஷ் அடிக்க மாட்டேன் என்கிறது. தோள் பக்கம் வைத்தால் அடிக்கிறது. ரிப்பேரா? சனிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு அரைக்கை பிளவுஸ் தைத்திருக்கிறேன்.

சுந்தர் மாமா: ஐபிஎல் மார்ச்சில்தானே?

கவிதா: மாமா, இது வேறு ஐபிஎல், ஒளியால் முடி எடுப்பது 🙏 நித்யா, நேற்று அலிபாக் போனாயே, வெயில் பட்ட கையா?

நித்யா: அதேதான். போகும்போதும் வரும்போதும் ஃபெர்ரியில் மேல்தட்டில்தான் நின்றோம். கருத்துவிட்டது. குளிக்கும்போது எரிகிறது.

கவிதா: அப்போ மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. தோல் நிறம் பார்க்கிற சென்சார் அதில் உண்டு. அதற்குச் சொன்ன அளவைவிடக் கருப்பாகத் தெரிந்தால் அடிக்காது.

நித்யா: கொஞ்சம் சாய்த்து அழுத்தினால் ஒன்றிரண்டு அடிக்கிறதே?

கவிதா: ஐயோ, சாய்க்காதே! முடிக்குக் கருப்பு நிறம் தருகிற மெலனின்தான் அந்த ஒளியை வாங்கிச் சூடாகி வேரைச் சுடுகிறது. வெயிலில் கருத்த தோலிலும் அதே மெலனின்தான். வேருக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்ளும். கொப்புளம் வரும், கரும்திட்டு வரும், சிலருக்கு வெள்ளையாகவும் ஆகும்.

கவிதா: எனக்கு நடந்ததுதான். கோவா போய்வந்த மூன்றாம் நாள் காலில் போட்டேன். அந்த மெஷினில் சென்சார் கிடையாது. போன மாதம் வைத்த அளவையே வைத்தேன், கால் அதே கால்தானே என்று. மெஷின் கண்ணாடி எவ்வளவோ அதே அளவில் வரிசையாகக் கட்டம் கட்டமாகக் கருத்துப்போனது. அந்த வருஷம் நவராத்திரி ஒன்பது நாளும் கணுக்கால் தெரியாமல்தான் சுற்றினேன்.

பெரியம்மா: அதனால்தான் அன்று கொலுசு வேண்டாம் என்றாயா! நாங்கள் குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துத் தேய்த்தோம். கரண்ட் ஏது?

கவிதா: பெரியம்மா, எரிகிற கையில் அதுவும் இப்போது வேண்டாம்.

நித்யா: எத்தனை நாள் பொறுக்கணும்?

கவிதா: கூட வந்த புத்தகத்தைப் பார். 48 மணி நேரம் என்று போட்டதும் உண்டு, வாரக்கணக்கில் சொல்வதும் உண்டு. எனக்கு அந்த 48-இல் நம்பிக்கை இல்லை. நம் நிறத்துக்குக் கறுப்பு இறங்க நாளாகும். வாட்ச் கட்டின இடமும் பக்கத்துத் தோலும் ஒரே நிறமாகட்டும். இரண்டு வாரமும் ஆகலாம், நாலும் ஆகலாம். அப்புறம் மிகக் குறைந்த அளவில் ஒரே இடத்தில் அடித்து, ஒரு நாள் விட்டுப் பார்.

நித்யா: தோள் பக்கம் மட்டும்?

கவிதா: அதுவும் கொஞ்சம் கருத்திருக்கும், விடு. ஆமாம், பருவுக்கு டாக்சிசைக்ளின் போட்டுக்கொண்டிருந்தாயே, இன்னும் உண்டா?

நித்யா: இன்னும் பத்து நாளைக்கு.

கவிதா: அந்த மாத்திரையே தோலுக்கு வெயில் ஆகாமல் செய்யும். அதுதான் இவ்வளவு எரிச்சல். டாக்டரிடம் கேட்காமல் மெஷினைத் தொடாதே. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் தடவு, ஸ்டேஷனுக்கு நடக்கிற பத்து நிமிஷத்துக்கும்தான்.

நித்யா: சனிக்கிழமைக்கு வேக்ஸ்?

கவிதா: வெந்த தோலில் வேக்ஸா, தோலோடு வரும்! வேரையும் பிடுங்கிவிட்டால் பிறகு ஒளி பிடிக்க முடியே இருக்காது. எரிச்சல் அடங்கினால் வெள்ளிக்கிழமை ரேசர். இல்லையென்றால் முழுக்கை பிளவுஸ்.

சித்தி: எனக்குத் தாடையில் நாலு முடி இருக்கிறதே, அதற்கு இது ஆகுமா?

கவிதா: நரையா சித்தி?

சித்தி: நாலும் நரை.

கவிதா: நரையில் மெலனின் கிடையாது, ஒளிக்குத் தெரியாது. பார்லரில் நூலால் பிடுங்குவதுதான்.

நித்யா: அக்கா… ரிப்பேர் என்று நினைத்து மத்தியானமே ரிட்டர்ன் போட்டுவிட்டேன். நாளைக் காலை எடுக்க வருகிறார்கள்.

கவிதா: கேன்சல் பண்ணு!

சுந்தர் மாமா: ஏன்? அந்தக் காசில் மார்ச்சில் வான்கடே போகலாமே.