ஏற்காடு தளத்துக்கு வந்தவர்கள் ஏன் நிற்காமல் போனார்கள்: என் அனுபவம்

ஒரு பக்கத்தில் ஆட்கள் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற கூகுள் அனலிட்டிக்ஸ் சொன்னால், அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்காக ஒரு தளம் நடத்துகிறேன். வழி, பஸ், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட், தங்குமிடம் என்று எல்லாம் அதில் உண்டு. மொத்தத் தளத்திலும் ஆட்கள் அதிக நேரம் செலவழித்தது பஸ் நேரம் போட்டிருந்த பக்கத்தில்தான். அந்தப் பக்கத்தில் என்ன அப்படி இருக்கிறது என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியைப் போட்டேன். அது இலவசம். வருகிறவர் எங்கே தொட்டார், எங்கே நின்றார், எங்கே திரும்பினார் என்று வீடியோ மாதிரி ஓட்டிக் காட்டும், டைப் செய்கிற விவரங்களை அதுவாகவே மறைத்துவிடும்.

அதில் ஒருவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் மாட்டியிருந்த நேரப் பலகையின் போட்டோதான் அந்தப் பக்கத்தில் இருந்தது. அவர் அதைத் தொடுகிறார், பெரிதாகவில்லை. மறுபடி தொடுகிறார், அப்புறம் பட்பட்டென்று தொடர்ந்து தட்டுகிறார், பக்கத்தை மேலேயும் கீழேயும் இழுக்கிறார், கடைசியில் மூடிவிட்டுப் போகிறார். கிளாரிட்டி இதற்கு ரேஜ் கிளிக், அதாவது கோபத் தட்டல், என்றே பெயர் வைத்திருக்கிறது. அனலிட்டிக்ஸ் கணக்கில் இந்த மனிதர் 'நல்ல நேரம் செலவழித்த வாசகர்'. உண்மையில் அவர் பஸ் நேரத்தைப் படிக்க முடியாமல் கஷ்டப்பட்டுவிட்டுப் போனவர்.

போட்டோவை எடுத்துவிட்டு நேரங்களை எழுத்திலேயே போட்டேன், காலை, மதியம், மாலை என்று பிரித்து. அந்தப் பக்கத்தில் சராசரி நேரம் சரசரவென்று இறங்கியது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் வந்தவர்கள் வேண்டியதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே அடுத்த பக்கத்துக்கு, பெரும்பாலும் கிளியூர் அருவிக்கு, போக ஆரம்பித்தார்கள்.

கிளியூர் பக்கம் இன்னொரு கதை. கூகுள் சர்ச் கன்சோலில் எந்தத் தேடலில் நம் பக்கம் தெரிகிறது, அதில் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்கலாம். அதைத் திறந்து பார்த்தால் வருகிறவர்களின் கேள்வி ஒன்றேதான்: இப்போது தண்ணீர் வருகிறதா? ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் சுற்றுவட்டாரத்து மழைத் தண்ணீரும்தான் அந்த அருவி. மழைக்காலத்தில் கொட்டும், கோடையில் வற்றிப்போகும். அவ்வளவு படி இறங்கிப் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என்றால் பாவமாக இருக்கும். பக்கமோ ஊர் வரலாற்றில் தொடங்கி, 1820-இல் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்த விவரத்தையெல்லாம் சொல்லி, அப்புறம்தான் அருவிக்கே வரும். இப்போது முதல் வரியே தண்ணீர் நிலவரம், பக்கத்தில் அதைப் போட்ட தேதி. காப்பி வரலாறு கீழே போய்விட்டது. அதைத் தேடி வருகிறவர்கள் அங்கே இறங்கியும் படிக்கிறார்கள்.

ஜிஏ4, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இங்கே பலரும் பழைய பவுன்ஸ் ரேட், அதாவது ஒரே பக்கத்தோடு திரும்பிப் போனவர்களின் சதவீதம், என்ற கணக்கிலேயே பேசுகிறோம். 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நின்றுவிட்டது. அதில் ஒருவர் ஒரு கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டு வேறெதையும் தொடாமல் போனாலும் பவுன்ஸ்தான். ஜிஏ4-இல் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கியம் என்று நாம் குறித்து வைத்த ஒன்றைச் செய்தாலோ அவர் ஈடுபாட்டோடு வந்தவர் என்று கணக்கு. 10 விநாடி எதற்குப் போதும்? அதனால் எத்தனை சதவீதம் பேர் ஈடுபாட்டோடு வந்தார்கள் என்று அது காட்டுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்க்ரோல் கணக்கும் பக்கத்தின் 90 சதவீதம் இறங்கினால்தான் தானாகப் பதிவாகும், நீளமான கட்டுரைக்கு அது உதவாது. எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று நாமே அமைக்கிற கூகுள் டேக் மேனேஜரில் 25, 50, 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் எந்த இடத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று தெளிவாகத் தெரியும்.

ஆனால் எந்தக் கருவியும் காட்டாத ஒன்றை ஏரிக்கரையில் ஒரு டீக்கடையில் தெரிந்துகொண்டேன். குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அக்காவிடம், "அக்கா, இதில் சேர்வராயன் கோயிலுக்கு வழி எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று என் போனைக் கொடுத்தேன். பாவம், நன்றாகத்தான் தேடினார். மேலே மூன்று கோடு போட்ட மெனு இருக்கிறதே, அதன் பக்கம் அவர் விரல் போகவே இல்லை. "இது சும்மா டிசைன்னு நெனச்சேன் தம்பி" என்றார். அன்றைக்கே அந்தக் கோடுகளை எடுத்துவிட்டு 'எல்லா இடங்களும்' என்று எழுத்திலேயே பொத்தான் வைத்தேன். முடிந்தவர்கள் இதைச் செய்து பாருங்கள்: தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இரண்டு. ஒன்று, இரண்டு ஓரமும் சமமாக வரும்படி வைக்கிற ஜஸ்டிஃபை. நம் சொற்கள் நீளம், போன் திரை அகலம் குறைவு, வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் பிடிக்கும், நடுவில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. இடது ஓரமாகவே விட்டுவிடுங்கள். இன்னொன்று வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் நம் எழுத்தின் மேல் கொம்பும் கீழ் வளைவும் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைத்த பிறகு என் கட்டுரைகளைக் கடைசி வரை படிக்கிறவர்கள் கூடினார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டுமே போனில் தெளிவாக இருக்கின்றன.

வேகத்தையும் விட்டுவிடக் கூடாது. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சிக்னல் வரும் போகும், அந்த பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டுதான் பலர் நம் பக்கத்தைத் திறக்கிறார்கள். திரையில் தெரிகிற மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ இரண்டரை விநாடிக்குள் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. படங்களை எடை குறைவான வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, அகல உயரத்தைக் குறித்து வைத்தால் படம் வந்ததும் எழுத்து கீழே குதிப்பதும் நின்றுவிடும்.

மாற்றம் செய்த பிறகு ஒப்பிடுவதில் ஒரு எச்சரிக்கை. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று கூட்டம் அள்ளும். ஏப்ரலோடு மே மாதத்தை ஒப்பிட்டு 'டிசைன் மாற்றினேன், ஆட்கள் கூடிவிட்டார்கள்' என்று சொன்னால் அது சீசன் செய்த வேலை. போன மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்குத் தகவல் கையில் இருக்க வேண்டுமே! ஜிஏ4-இல் நாமே விரிவாக அலசிப் பார்க்கிற எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் பகுதிக்கான தகவல் சும்மா விட்டால் 2 மாதம்தான் இருக்கும். அட்மினுக்குள் டேட்டா ரிடென்ஷன் என்று இருப்பதைத் திறந்து 14 மாதம் என்று மாற்றிவிடுங்கள், போனது திரும்ப வராது. சீசனை நம்பி ஓடுகிற தளம் வைத்திருப்பவர்கள் வேறு எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்று சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும்.