மறு: சிக் லிட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘சிக் லிட்’ (chick lit) எனப்படும் நாவல் வகைக்குத் தமிழ்ப் பெயர் தேடி நம் கலைச்சொல் பட்டியலில் பதிவு போடுவது பற்றி இங்கே வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘பொழுதுபோக்கு மகளிர் நாவல்’ என்று போட்டுவிடலாமே, இதற்கு ஏன் தனிச்சொல்?

அந்தப் பெயருக்குள் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்களும் வந்துவிடும், நம் ரமணிசந்திரனும் வந்துவிடுவார். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. 1990களின் நடுவில் செய்தித்தாள் பத்திகளிலிருந்து கிளம்பிய வகை இது. ஹெலன் ஃபீல்டிங் 1995இல் லண்டன் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழில் எழுதத் தொடங்கிய பத்தி அடுத்த ஆண்டே ‘பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி’ நாவலானது. நியூயார்க்கில் கேண்டஸ் புஷ்னலின் பத்தியும் அப்படித்தான் புத்தகமாயிற்று. நாயகிக்கு முப்பதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை, பெருநகரத்தில் தனியாக இருக்கிறாள், சொந்தச் சம்பளம், எரிச்சலூட்டும் மேலதிகாரி. காதலனுக்கு நிகராகத் தோழிகளுக்கும் கதையில் இடம் உண்டு. எடை, குடித்த மது, புகைத்த சிகரெட், தின்ற கலோரி என்று கணக்கெழுதித்தான் பிரிட்ஜெட் தன் நாளைத் தொடங்குவாள். காதல் கதைகள் ஏராளம். ஆனால் தன் தடுமாற்றத்தைத் தானே சொல்லிச் சிரிக்கும் இந்தக் குரல்தான் இந்த வகைக்கு உயிர்.

> ஒலிபெயர்ப்பே போதும்.

தமிழில் ‘சிக்’ என்று எழுதினால் ஆங்கில ‘sick’ என்று எடுத்துக்கொண்டு நோய் இலக்கியம் என்றுதான் முதலில் படிப்பார்கள். நேர்மொழிபெயர்ப்பாகக் ‘குஞ்சு இலக்கியம்’ என்பதை யாரும் முன்வைக்காததற்கு நன்றி. அமெரிக்கக் கொச்சையில் இளம்பெண்ணைக் குறிக்கும் ‘சிக்’ என்ற அந்தச் சொல்லை 1995இல் கிரிஸ் மாஸாவும் ஜெஃப்ரி டிஷெல்லும் ஒரு தொகுப்புக்குத் தலைப்பாக்கியது குத்தலாகத்தான். தொகுப்பில் இருந்தவை பெண்களின் சோதனை முயற்சிக் கதைகள். குத்தல் மறைந்துபோய், பெயர் மட்டும் இளஞ்சிவப்பு அட்டை நாவல்களின்மேல் ஒட்டிக்கொண்டது. 2001இல் நாவலாசிரியை பெரில் பெயின்பிரிட்ஜ் இவற்றை வெறும் நுரை என்று ஒதுக்கினார், இன்னொரு நாவலாசிரியை டோரிஸ் லெஸ்ஸிங்கும் சேர்ந்துகொண்டார். அந்த ஏளனத்தையும் சேர்த்து நாம் தமிழாக்க வேண்டியதில்லை.

> இவை தப்பியோடல் இலக்கியம்தானே, அதையே பெயரில் காட்டலாம்.

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். அரண்மனைக் கதைக்குள் தப்பியோடினால் புரிகிறது. இங்கே வாசகி எங்கே ஓடுகிறாள்? சோஃபி கின்செல்லாவின் 2000ஆம் ஆண்டு நாவலில் கடனில் மூழ்கிய ஒருத்திக்கு வங்கிக் கடிதங்கள் வந்தபடியே இருக்கின்றன. கடன் அட்டை பாக்கியோடு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் பெண் அதைப் படிக்கிறாள் என்றால், தன் வாழ்க்கைக்குள்தான் திரும்பவும் போகிறாள். ஒரே வித்தியாசம், அங்கே தவறு மன்னிக்கப்படுகிறது, உளறியதற்காக யாரும் ஒருத்தியைக் கைவிடுவதில்லை. களைத்த மனத்துக்கு அது பெரிய உதவி. ‘தப்பியோடல்’ என்பதில் குற்றவாளிச் சாயல் இருக்கிறது. பொதுவாக அவ்வகைப் படிப்புக்கு ‘இளைப்பாறல் வாசிப்பு’ என்று தனிப்பதிவு போடலாம்.

இனி என் பரிந்துரை: தெரிவைப் புதினம்.

தலைவன் வீதியுலா வருவதைப் பாடும் உலா இலக்கியம் பெண்களைப் பிரிக்கும் ஏழு வயதுப் பருவங்களில் அரிவைக்கும் பேரிளம்பெண்ணுக்கும் நடுவில் நிற்பவள் தெரிவை. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் வயதுக்கணக்கு மாறுபடும். பரவலாகச் சொல்வது 26 முதல் 31. இந்த நாயகிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘கன்னி’, ‘முதிர்கன்னி’ இரண்டும் திருமணத்தை வைத்தே பெண்ணை அளப்பவை. ‘தெரிவை’ அப்படி அளக்கவில்லை. ‘தெரிவு’ என்ற சொல்லும் காதில் விழுகிறது, தேர்ந்தெடுக்கிற பெண்ணுக்கு அது நன்றாகவே இருக்கிறது.

உலாவில் தெரிவை, பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குபவள்தானே என்று தடை எழும். எழட்டும். பிரிட்ஜெட்டும் தன் கதையின் நாயகன் மார்க் டார்சியைக் கண்டு மயங்குகிறாள்; அந்த டார்சியே 1813இல் வந்த ஜேன் ஆஸ்டின் நாவலிலிருந்து பெயர் வாங்கியவன். மயங்குவதில் இழிவில்லை. ஆனால் உலாவில் புலவர் அவளைப் பற்றிப் பாடுகிறார், இங்கே அவளே பேசுகிறாள். பழைய சொல்லுக்கு இந்தப் புது வாழ்வு கிடைப்பது எனக்கு மகிழ்ச்சி.

நகைச்சுவையையும் பெயருக்குள் கொண்டுவரப் பார்த்தேன். ‘நகைப்புதினம்’ நகைக்கடையை நினைவூட்டுகிறது. எனவே விளக்கத்தில் வைக்கலாம். தொல்காப்பியர் நகைக்குச் சொல்லும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் நான்கும் இந்த நாயகிகளிடம் உண்டு.

பதிவுக்கு வரைவு: ‘தெரிவைப் புதினம் – நகரத்தில் தனித்து வாழும், முப்பதை ஒட்டிய பெண்ணின் வேலை, நட்பு, காதல் பற்றி, பெரும்பாலும் அவள் குரலிலேயே நகைச்சுவையோடு சொல்லும் நாவல்.’

இது ஏற்கப்பட்டால் ஆண்பாலுக்கும் ஒன்று வேண்டும். நிக் ஹார்ன்பியின் 1995 நாவலைப்போல, முப்பத்தைந்து வயதாகியும் பொறுப்பேற்கத் தயங்கும் ஆண்களின் கதைகளை ஆங்கிலத்தில் ‘லாட் லிட்’ (lad lit) என்கிறார்கள். ‘விடலைப் புதினம்’ சரியாக வருமா? பாலைத்திணைத் தலைவனைக் குறித்த சொல், இன்று பதின்வயதுப் பையனைத்தான் குறிக்கிறது. சங்கப் பாடல்களில் பயிற்சி உள்ளவர்கள் சொல்லுங்கள்.